இருவர் கண்ட படம்

புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓரிடத்தில் பொருள் விளங்கவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பி மறுபடியும் படிக்கலாம். ஒரு வரி நெஞ்சைத் தொட்டால் நூலை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடி இருக்கலாம். நூல் நமக்காகக் காத்திருக்கும். திரைப்படம் அவ்வாறு காத்திருப்பதில்லை. நாம் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் போய்விடுகிறது. அதன் இடத்தில் ஒரு தெரு வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருப்பது அந்தக் கலையின் இயல்பு.

இக்காலத்தில் படத்தை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் கருவிகள் வந்துவிட்டனவே என்று நேயர்கள் கேட்கலாம். வந்துவிட்டன, வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஆயினும், கச்சேரியில் பாடகரை அடிக்கொருதரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டால் ராகம் எப்படி நிற்காதோ, அப்படியே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படமும் நிற்காது. முதன்முறை அதை ஓடவிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஓடி முடிந்தபின் அதைத் திரும்பிப் பார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழிகளில் சிறந்தது, உடனிருந்து பார்த்த ஒரு நண்பரோடு பேசுவது. இதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. சுருளில் ஓடும் படம் உண்மையில் அசைவதே இல்லை. ஒரு விநாடிக்கு 24 அசையாப் படங்கள் வீதம் திரையில் விழுகின்றன. இரண்டு மணி நேரப் படம் ஒன்றில் 1,72,800 படங்கள் இருக்கும். ஒரு படம் நகர்ந்து அடுத்த படம் வரும் கணத்தில் எந்திரத்தில் உள்ள மூடி ஒன்று ஒளியை மறைக்கிறது. ஆகவே, கொட்டகையில் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் திரை இருளாகவே இருக்கிறது. அந்த இருளை நாம் உணர்வதில்லை. நம் மனம் அதைத் தாண்டி ஒரு படத்தை அடுத்த படத்தோடு இணைத்து, அசைவு என்ற ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. திரையில் காண்பது பாதி, நாம் சேர்ப்பது பாதி என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு அன்று.

அசைவுக்குச் சொன்னது உணர்ச்சிக்கும் பொருந்தும். ரஷ்ய நாட்டு இயக்குநர் லெவ் குலெஷோவ் என்பவர் 1920-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு சோதனை செய்தார் என்பர். ஒரு நடிகரின் முகம். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த ஒரே முகத்தை ஒரு முறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். மற்றொரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். பார்த்தவர்கள், 'என்ன பசி இவனுக்கு!' என்றும், 'என்ன துயரம் இவனுக்கு!' என்றும் வியந்தார்களாம். பசியும் துயரமும் அந்த முகத்தில் இல்லை. பார்த்தவர்களின் நெஞ்சில் இருந்தன. அப்படியானால், ஒரே கொட்டகையில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் இருவர் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று எவ்வாறு உறுதி கூறமுடியும்? பசித்து வந்தவர் ஒரு படத்தைப் பார்க்கிறார். துக்க வீட்டிலிருந்து வந்தவர் வேறொரு படத்தைப் பார்க்கிறார்.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக முப்பது ஆண்டுக் காலம் வேலை பார்த்தவர். நான் தமிழாசிரியனாக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் ஒரு படம் பார்ப்போம். பெரும்பாலும் பழைய படங்கள். இத்தாலி, ஜப்பான், பிரான்சு, வங்காளம் எனப் பல இடங்களில் எடுக்கப்பட்டவை. படம் ஓடும்போது பேசுவதில்லை என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. முடிந்ததும் காப்பி வரும். காப்பி ஆறுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். என் தொழில் சொற்களோடு. அவர் தொழில் எண்களோடு. இந்த வேற்றுமையே எங்கள் பேச்சுக்கு முதல்.

விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்திய ரோமாபுரி. வேலையில்லாத அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. அவன் மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை எல்லாம் உருவி மூட்டையாகக் கட்டி அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது களவு போகிறது. பிறகு படம் முழுவதும் தகப்பனும் சிறுவனான மகனும் ஊரெல்லாம் அதைத் தேடி அலைகிறார்கள். நாயகனாக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி.

முதன்முறை பார்த்து முடித்தபோது நான் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நண்பர் கேட்டார்: "அடகுக் கடையில் அந்த விரிப்புகளை எங்கே வைத்தார்கள், பார்த்தீரா?" கடைக்காரரின் ஆள் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அடுக்கின்மேல் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். காமிரா அவனைத் தொடர்ந்து மேலே போகிறது. கூரைவரை மூட்டைகள். "அத்தனையும் படுக்கை விரிப்புகள், ஐயா! ஊரே விரிப்பில்லாமல் படுக்கிறது. ஒரு குடும்பத்தின் கணக்கை எழுதுகிறேன் என்று தொடங்கி, பேரேட்டையே திறந்து காட்டிவிட்டார் இந்த மனிதர்" என்றார் நண்பர். அடகுப் பொருள்களைக் கணக்கெழுதிப் பழகிய கண் அது. ஒரு சொற்பொழிவும் இல்லாமல், ஓர் ஆள் ஏணியில் ஏறும் நேரத்தில், ஒரு நாட்டின் வறுமை சொல்லப்பட்டுவிட்டது.

கடைசிக் காட்சியில் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறான். கூட்டம் அவனை அடிக்கிறது. அழுதுகொண்டு நிற்கும் சிறுவனைப் பார்த்து, சைக்கிளின் சொந்தக்காரர் அவனைப் போகவிடுகிறார். இருவரும் நடக்கிறார்கள். சிறுவன் தகப்பனின் கையைப் பற்றிக்கொள்கிறான். அந்தக் கைப்பற்றுதல் மன்னிப்பு என்பது என் கருத்து. தந்தையைத் தெய்வமாக எண்ணியிருந்த பிள்ளை, இன்று அவனை மனிதனாகக் கண்டு ஏற்றுக்கொள்கிறது என்பேன். நண்பர் ஒப்புக்கொள்வதில்லை. "எட்டு வயதுக் குழந்தைக்கு மன்னிப்பு ஏது? கூட்டத்தில் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை, பிடித்துக்கொண்டான்" என்பார். எத்தனையோ முறை இதைப் பேசியிருக்கிறோம். அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் இப்போது அந்தக் காட்சியைப் பார்க்கும்போது இரண்டு பொருளும் ஒருசேரத் தோன்றுகின்றன. தனியே பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

இவ்வாறு நண்பர்கள் கூடிப் படம் பார்த்துப் பேசும் வழக்கத்திலிருந்து பெரிய காரியங்கள் விளைந்திருக்கின்றன. நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 1947-ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், கல்கத்தாவில் சில இளைஞர்கள் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களில் சத்யஜித் ராய் ஒருவர். சிதானந்த தாஸ்குப்தா மற்றொருவர். இருவரும் 1921-இல் பிறந்தவர்கள். ராய் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தார். படம் எடுத்தவர் அல்லர். வணிகக் கொட்டகைகளில் வராத படங்களைத் தேடிக் கொணர்ந்து பார்ப்பதும், பார்த்தபின் விவாதிப்பதும் சங்கத்தின் வேலை. 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படம் ஒன்றுக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தபோது, ராய் அவரோடு சுற்றி இடம் காட்டினார். 1950-இல் அலுவலகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே தங்கியிருந்த சில மாதங்களில் அவர் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் ஒன்று 'சைக்கிள் திருடர்கள்'. நாமும் இப்படிப் படம் எடுக்கவேண்டும் என்ற உறுதி அங்கேதான் பிறந்தது என்று அவரே பின்னர்க் கூறியிருக்கிறார். 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படமும் காட்டப்பட்டது. அவ்விழா பின்னர்ச் சென்னைக்கும் வந்தது.

அதே 1952-இல் ராய் 'பதேர் பாஞ்சாலி' எடுக்கத் தொடங்கினார். பணம் இல்லை. படப்பிடிப்பு நின்று நின்று நடந்தது. மனைவியின் நகைகளை அடகு வைத்தார். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் இத்தாலிய அடகுக் கடையின் தொடர்ச்சி கல்கத்தாவில் இருக்கிறது" என்றார். இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து உதவியது. 1955-இல் படம் வெளிவந்தது. 1956-இல் கான் விழாவில் பரிசு பெற்றது. 1959-இல் சென்னை உட்படப் பல ஊர்களின் திரைப்படச் சங்கங்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பாயின; அதன் முதல் தலைவர் ராய். படம் பார்த்துப் பேசும் பழக்கம், ஒரு நாட்டின் படக்கலைக்கே புதிய பாதையை உண்டாக்கியது.

'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்துவிட்டு நாங்கள் பேசியதையும் சொல்லவேண்டும். ஏழைப் புரோகிதர் ஹரிஹரர் வீட்டில் முதிய உறவினள் ஒருத்தி இருக்கிறாள். இந்திர் தாக்ருண் என்று பெயர். பல்லெல்லாம் போய், கூன் விழுந்த கிழவி. வீட்டு அம்மாளான சர்வஜயாவுக்கு அவள் ஒரு பாரம். கடைசியில் உடல் தளர்ந்து வந்து, 'இங்கேயே கிடந்து சாகிறேன்' என்னும் கிழவியிடம் சர்வஜயா மனம் இளகுவதில்லை. கிழவி தண்ணீர் குடிக்கிறாள். குடித்து மிஞ்சிய நீரை ஒரு சிறு செடிக்கு ஊற்றுகிறாள். பிறகு வெளியே போகிறாள். மூங்கில் தோப்பில் அவள் இறந்து கிடப்பதைக் குழந்தைகள் காண்கிறார்கள்.

நான் அந்தச் செடியைப் பற்றிப் பேசினேன். தனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் கடைசியாக ஓர் உயிருக்கு நீர் வார்த்துவிட்டுப் போகிறாளே, வாடிய பயிரைக் கண்டு வாடிய உள்ளங்கள் பிறந்த நாட்டில் இதற்கு விளக்கவுரை வேண்டுமா என்று கேட்டேன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வீட்டில் அரிசி எவ்வளவு இருந்தது?" என்றார். "சம்பளம் வரவில்லை. கணவன் ஊரில் நிலையாக இருப்பதில்லை. இரண்டு குழந்தைகள். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விட்டு அளந்துகொண்டிருக்கிறாள். அவளைக் கொடியவள் என்று சொல்வதற்கு முன்னால் பானையைப் பார்க்கவேண்டும்."

செடியும் பானையும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. இயக்குநர் எதையும் மறைக்கவில்லை. எதையும் சுட்டிக்காட்டவும் இல்லை. கிழவியின் பக்கத்திலிருந்து பார்ப்பவன் சர்வஜயாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறான். சர்வஜயாவின் பக்கத்திலிருந்து பார்ப்பவன் கிழவியைக் கூடுதலாக வந்த ஒரு வாயாகக் கணக்கிடுகிறான். இருவரையும் ஒருசேரப் பார்க்கத்தான் இருவர் வேண்டியிருக்கிறது. உயர்ந்த படங்களின் இலக்கணம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது: அவற்றில் தீர்ப்பு எழுதப்படாமல் விடப்பட்டிருக்கும்.

அந்தப் படத்தின் மற்றொரு காட்சியில் கேள்வியின் சிறப்பைக் காணலாம். மூத்த மகள் துர்கா காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். செய்தி தெரியாத தந்தை நெடுநாள் கழித்து ஊர் திரும்பி, மகளுக்கு வாங்கிவந்த புடைவையை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுகிறார். சர்வஜயா வாய்விட்டுக் கதறுகிறாள். அந்தக் கதறல் நம் காதில் விழுவதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவியின் உச்ச ஓசை கேட்கிறது. இசையமைத்தவர் ரவிசங்கர். நண்பருக்கு இசைப் பழக்கம் குறைவு. "அழுகைச் சத்தத்தை ஏன் எடுத்துவிட்டார்கள்?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டிராவிட்டால், நான் அந்த இசையை இசையென்று ரசித்துவிட்டுப் போயிருப்பேன். பதில் தேடப் புகுந்தபோதுதான் விளங்கிற்று: நடிகையின் குரல் ஒரு பெண்ணின் அழுகையாக நின்றுவிடும்; குரலை எடுத்துவிட்டால், பார்க்கிற ஒவ்வொருவரும் தாம் கேட்டிருக்கும் ஓர் அழுகையை அங்கே வைத்துக்கொள்வர். தெரியாதவர் கேட்கும் கேள்வி, தெரிந்தவரையும் தெளிவடையச் செய்கிறது.

ஆனால், இந்தப் பழக்கத்தில் ஆபத்தும் உண்டு. படத்தைப் பற்றிய பேச்சு எளிதில் மனிதரைப் பற்றிய பேச்சாகிவிடும். பிரெஞ்சு நாட்டு இயக்குநர்களான பிரான்சுவா திரூஃபோவும் ழான் லுக் கோதாரும் இளமையில் இணைபிரியாத நண்பர்கள். பாரிசில் திரைப்படக் கழகங்களில் அடுத்தடுத்து அமர்ந்து படம் பார்த்தவர்கள். ஒரே பத்திரிகையில் விமரிசனம் எழுதியவர்கள். 1960-இல் வெளிவந்த கோதாரின் முதல் முழுநீளப் படத்துக்குக் கதைக் கரு தந்தவர் திரூஃபோ. 1973-இல் திரூஃபோ எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கோதார் கடுமையான கடிதம் எழுதினார். அதில், படத்தைப் பற்றிய குறையோடு திரூஃபோவையே பொய்யர் என்ற பழியும் இருந்தது. திரூஃபோ அதைவிடக் கடுமையாக, பல பக்கங்களில் பதில் எழுதினார். அத்தோடு நட்பு முறிந்தது. 1984-இல் திரூஃபோ காலமானார். அதுவரை இருவரும் சேரவில்லை. திரூஃபோவின் கடிதங்கள் நூலாக 1988-இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் கோதார். படிக்க வேண்டியவர் இல்லாதபோது எழுதப்பட்ட முன்னுரை அது.

ராயும் தாஸ்குப்தாவும் வேறு வகை. ஒருவர் படம் எடுத்தார். மற்றவர் விமரிசனம் எழுதினார். நட்பு என்பதற்காகத் தாஸ்குப்தா தம் அளவுகோலைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1980-இல் ராயின் படங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1961-இல் ராய் எடுத்த 'தீன் கன்யா'வில் அறிமுகமான இளம் நடிகை அபர்ணா, தாஸ்குப்தாவின் மகள். ஒரு நண்பர் தம் மதிப்பீட்டை மறைக்காமல் கொடுத்தார். மற்றவர் அதைப் பகையாகக் கொள்ளவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கூடிப் பார்ப்பது நிலைக்கும்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1951-இல் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற படம். காட்டில் ஒரு கொலை நடக்கிறது. நால்வர் அதை நான்கு விதமாகக் கூறுகிறார்கள். ஒவ்வொருவர் கூற்றிலும் அவரவர் பெருமை காப்பாற்றப்பட்டிருக்கிறது. சாட்சிகள் முரண்படுவது அங்கே பார்வை வேறுபாட்டால் மட்டும் அன்று. தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும் என்னும் அச்சத்தாலும் ஆகும். நண்பர்கள் பேசும் இடத்தில் அந்த அச்சம் இருக்கக் கூடாது. இருந்தால், பார்த்ததைச் சொல்லாமல், தமக்குப் பெருமை தருவதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த அச்சம் எங்கள் நடுவிலும் ஒரு முறை வந்து நின்றது. யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ கதை' என்ற படத்தைப் பார்த்த நாள் அது. கதை எளியது. கடற்கரை ஊரிலிருந்து வயதான பெற்றோர், தலைநகரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகன் மருத்துவர். நோயாளிகளை விட்டு நகரமுடியவில்லை. மகள் சிகையலங்காரக் கடை வைத்திருக்கிறாள், அவளுக்கும் ஓய்வில்லை. இருவரும் சேர்ந்து செலவு செய்து பெற்றோரை ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிகோ ஒருத்திதான் வேலைக்கு விடுமுறை பெற்று அவர்களை அழைத்துச் செல்கிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள். இதில் கொடியவர் என்று ஒருவரும் இல்லை. ஓசுவின் காமிரா பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் அது. நம் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெரியவர்களைப் பார்ப்பது போன்றே இருக்கும்.

படம் முடிந்ததும், இழவு வீட்டிலேயே தாயின் உடைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் மகளைப் பற்றி நான் பேசினேன். நண்பர் உடனே அந்த மகளுக்காக வாதாடினார். "கடை வைத்திருக்கிறவளுக்கு விடுமுறை யார் கொடுப்பார்கள்? மருத்துவர் நோயாளியை விட்டுவிட்டு ஊர் சுற்றிக் காட்ட முடியுமா?" என்றார். வழக்கத்துக்கு மாறான வேகம் இருந்தது அதில். நண்பரின் தாயார் கிராமத்தில் தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மாதந்தோறும் பணம் தவறாமல் போகும். அவர் போவது ஆண்டுக்கு இரண்டு முறை. நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. காப்பி அப்படியே இருந்தது. அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வரவில்லை.

நான்காம் வாரம் வந்து, அதே படத்தை மீண்டும் பார்க்கலாம் என்றார். பார்த்தோம். ஓரிடத்தில் கிழவரும் கிழவியும் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் மற்றவர்களின் பிள்ளைகளைவிட நல்லவர்களே, நாம் கொடுத்துவைத்தவர்கள் என்பதுபோல ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். படம் முடிந்தபின் நண்பர் சொன்னார்: "அவர்கள் பிள்ளைகளைக் குறை கூறியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். குறை கூறாமல் இருக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. 'என் பிள்ளைக்கு வேலை அதிகம்' என்று என் தாயும் அண்டை வீட்டாரிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்."

அதற்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் படம் பார்க்க வருவதில்லை. ஊருக்குப் போகிறார். காரணம் இந்தப் படம் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. தனியே அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், நோரிகோவின் நற்குணத்தை வியந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எழுந்துவிட்டிருக்கக்கூடும். ஒருவர் எதிரில் அமர்ந்து மகளுக்காக வாதாடியபோதுதான், அந்த வாதம் யாருக்காக என்பது அவருக்கே தெரிந்தது. படம் கேட்ட கேள்வி, பேச்சின் வழியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த அனுபவத்தில் நாங்கள் கற்ற சில முறைகள், இவ்வழக்கத்தைத் தொடங்க விரும்புவோருக்குப் பயன்படலாம். படம் ஓடும்போது மௌனமாக இருப்பது முதன்மையானது. பேச்சு தொடங்கும்போது, 'நான் என்ன நினைத்தேன்' என்பதைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, 'நான் என்ன பார்த்தேன்' என்பதை முதலில் சொல்லவேண்டும். 'அருமை', 'மோசம்' என்ற சொற்கள் பேச்சை முடித்துவிடும். 'அந்த ஆள் ஏணியில் ஏறினான்' என்ற சொல் பேச்சைத் திறக்கும். மூன்றாவதாக, நண்பரின் சொந்த வாழ்க்கையை எடுத்துப் படத்துக்கு உரையெழுதக் கூடாது. அதை அவரே எடுப்பாரானால் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். நான்காவது, கருத்து வேறுபட்ட படத்தை இரண்டாம் முறை பார்ப்பது. இரண்டாம் முறை பார்க்கும்போது நம் கண்ணோடு நண்பரின் கண்ணும் சேர்ந்துகொள்ளும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. 1947-இல் கல்கத்தா இளைஞர்கள் ஒரு படத்தின் பிரதிக்காகத் தூதரகங்களையும் விநியோகஸ்தர்களையும் நாடவேண்டியிருந்தது. ராயின் படங்கள் சிலவற்றின் மூலச் சுருள்கள் 1993-இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் சேதமுற்றன. வல்லுநர்கள் எஞ்சியவற்றைப் பொறுமையோடு செப்பனிட்டதால், 2015 முதல் 'பதேர் பாஞ்சாலி' புதுப் பொலிவோடு மக்களுக்குக் கிடைத்து வருகிறது. எரிந்த சுருளைக்கூட மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை இன்று யாரும் தம் வீட்டில் அமர்ந்து பார்க்கலாம், கைபேசியில்கூடப் பார்க்கலாம். கிடைப்பது எளிதாகிவிட்ட காலத்தில், ஒவ்வொருவரும் தனித்தனியே, செவியை அடைத்துக்கொண்டு பார்ப்பதும் எளிதாகிவிட்டது.

பெரிய சங்கம் அமைக்க வேண்டியதில்லை. இருவர் போதும். உங்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவரைத் தேடாதீர்கள். உங்கள் தொழிலுக்கு வேறான தொழில் செய்கிறவர், நீங்கள் கவனியாததைக் கவனிக்கிறவர், ஒப்புக்கொள்ள முடியாதபோது ஒப்புக்கொள்ள முடியவில்லை என்று சொல்கிறவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரை வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை அழையுங்கள். ஒரு நல்ல படத்தை இருவரும் பேசாமல் பாருங்கள். பிறகு, "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில், நீங்கள் இன்னும் பார்த்திராத ஒரு படம் இருக்கும்.